என் மகளுக்கு நான் குறித்த தேதி

மட்டாஞ்சேரியில் கல்யாணமானாலும் கருமாதியானாலும் ஆட்கள் உட்காருவது பெரும்பாலும் என் நாற்காலியில்தான். பந்தல், பாத்திரம், மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். மைக் செட்டோடு நானும் இலவசமாகப் போவேன். பெண் அழைப்பு தாமதமானாலும் சாம்பார் கொதிக்காவிட்டாலும் மைக்கைப் பிடித்துத் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று ஜோக் அடித்து ஆட்களை உட்கார வைத்துவிடுவேன். என் ஜோக்குக்குச் சிரிக்காத ஆள் இந்த வட்டாரத்தில் ஒருவர்தான். அவர் என் மனைவி செல்வி.

இதை எழுதச் சொன்னவள் என் மகள். "மைக்ல சொல்லாதீங்க அப்பா. எழுதுங்க. எழுதினா இடையில ஜோக் அடிக்க முடியாது" என்றாள். முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இங்கே அவள் பெயர் மீனு. நிஜப் பெயர் வேறு. இதற்காக அவளே எடுத்துக்கொண்ட பெயர் இது. மலையாளப் பள்ளியில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் இந்தப் பக்கங்களை வாசிக்க அவளுக்கு நான்கு நாள் ஆயிற்று. மூன்று இடங்களில் அடித்திருக்கிறாள். மிச்சத்தை வெளியே சொல்ல எனக்கு அனுமதி உண்டு.

எங்கள் தெருவைச் சுற்றி இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அப்பா காலத்தில் சுக்கு, மிளகு கிடங்குகளுக்கு வேலைக்கு வந்தவர்கள். பேச்சில் பாதி மலையாளம் ஆகிவிட்டது, கப்பைக் கிழங்கும் மீன் கறியும் எங்கள் சாப்பாடாகிவிட்டது, ஆனால் பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் சடங்கு வைப்பதை மட்டும் விடவில்லை. பந்தல் போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, தாய்மாமன் சேலை கொண்டுவந்து, போட்டோ எடுத்துப் பெரிய பிளெக்ஸ் அடித்து மாட்டுவோம். பக்கத்து வீட்டு லிசி சேச்சிக்கு இது ஒவ்வொரு முறையும் ஆச்சரியம். "இது நாட்டுக்காரையெல்லாம் விளிச்சு பறயணோ, சேட்டா?" என்று கேட்பார், ஊரையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமா என்று. "பறயணும் சேச்சி. இல்லைன்னா என் நாற்காலிக்கு யாரு வாடகை கொடுப்பா?" என்பேன்.

மீனுவின் வயதுப் பெண்களுக்கெல்லாம் என் பந்தல் போட்டாயிற்று. அவளுக்குப் பதினான்கு முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நாற்காலி எண்ணி வாங்கும்போதெல்லாம் பெண்கள் கேட்பார்கள்: "உங்க வீட்டுப் பந்தல் எப்பண்ணே?" சங்கரன்கோவிலிலிருந்து என் அக்கா ஞாயிறுதோறும் போனில் கேட்பாள்: "என்னடே, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" செல்வி மூன்று முறை என்னிடம் சொன்னாள், ஒரு லேடி டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று. மூன்று முறையும் நான் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பஸ் லேட்டானா டிப்போவுக்கா போன் பண்ணுவாங்க? வரும்." அன்று நன்றாக இருந்த ஜோக்.

நான்காவது முறை செல்வி கேட்கவில்லை. நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். "எப்படியும் இன்னைக்கோ நாளைக்கோ ஆகப்போறதுதான். நாமளே ஒரு தேதி வச்சு ஆயிடுச்சுன்னு சொல்லிட்டா, கேக்குறவங்க வாயும் மூடும், பிள்ளைக்கும் நிம்மதி." செல்வி என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றும் இல்லை. மீனுவிடம் இதை ஒரு விளையாட்டு போலச் சொன்னேன். ஐந்து நாள் பள்ளிக்கூடம் கிடையாது, தனி அறை, கையில் மொபைல், விரும்பின பலகாரம். அவள் சிரித்தாள். பிறகு, "உண்மையா ஆகும்போது என்ன செய்யறது?" என்று கேட்டாள். "அப்போ யாருக்கும் சொல்லாம இருந்துடுவோம்" என்றேன். அவ்வளவு சுலபமாகத் தீர்த்துவிட்டேன்.

ஆயிடுச்சு என்று ஊருக்குச் சொன்ன இரண்டாம் நாளே அக்கா சங்கரன்கோவிலிலிருந்து வந்து இறங்கிவிட்டாள். உளுந்தங்களி கிண்டினாள், நல்லெண்ணெய் ஊற்றினாள், பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் தானே பார்த்தாள். சடங்கு அன்று முந்நூறு பேர். சொந்தப் பந்தல், சொந்த மைக், சொந்தப் பொய். ஒரு மணி நேரம் விடாமல் பேசினேன். பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த மீனு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நானும் கண்ணடித்தேன். அந்த போட்டோ இருக்கிறது. இப்போது எடுத்துப் பார்ப்பதில்லை.

எட்டு மாதம் கழித்து அவள் கால் வீங்கியது. காலையில் முகமும். கொசு, உப்பு, புதுச் செருப்பு என்று நான் வரிசையாகக் காரணம் கண்டுபிடித்தேன். சிறுநீர் சோப்பு நுரை போலப் போகிறது என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். சுள்ளிக்கல்லில் ஒரு லேபில் கொடுத்துப் பார்த்தோம். அங்கிருந்த பெண் ரிசல்ட் தாளைக் கொடுக்கும்போது, "சேட்டா, இன்னைக்கே காட்டணும் கேட்டோ" என்றாள்.

என் கலக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மொபைலில் வாசிக்க ஆரம்பித்தேன். வாசித்த நோயெல்லாம் எனக்கும் இருந்தது. வீட்டில் எல்லோருடைய நுரையையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். லிசி சேச்சியின் வீட்டுக்காரர் குளியலறை போய்விட்டு வரும்போது, "நுரை உண்டோ சேட்டா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் தண்ணீர் குடித்து, கடையில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து போனேன். நோய் யாருக்கு என்று வெளியாள் பார்த்தால் என்னைத்தான் கை காட்டியிருப்பார்.

எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சிறுநீரகப் பிரிவில் காத்திருப்பு என்றால் காலை ஏழு மணிக்கு டோக்கன், மதியம் ஒரு மணிக்கு அழைப்பு. பிள்ளைக்குத் துணையாக அக்காவும் ஊரிலிருந்து வந்திருந்தாள். ஐந்து பேர் அந்தச் சின்ன அறையில் இருந்தோம்: பெரிய டாக்டர், மீனு, செல்வி, அக்கா, நான். அவர் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். பிறந்தபோது எடை, முன்பு வந்த காய்ச்சல், வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய். பிறகு தாளைப் பார்த்தபடியே கேட்டார்: "பீரியட்ஸ் தொடங்கிட்டோ?"

மீனு என்னைப் பார்த்தாள். என் இடது பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

"ஆச்சு டாக்டர்" என்றேன். "பதினாலு வயசுல. பெரிய ஃபங்ஷன் வச்சோம். உங்களைத்தான் கூப்பிட விட்டுப்போச்சு."

"ரெகுலர் ஆணோ?" ஒழுங்காக வருகிறதா என்று.

"ரெகுலர், ரெகுலர்."

அவர் எழுதினார். ஒரு வரிதான். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

சாயா வடிகட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இலைத்தூள் மேலே நிற்கும், சாயா கீழே போகும். சிறுநீரகத்துக்குள் அப்படிப் பல லட்சம் வடிகட்டிகள். உடம்புக்கு வேண்டிய புரதத்தை நிறுத்திக்கொண்டு கழிவை மட்டும் விட வேண்டும். மீனுவுக்கு வடிகட்டி ஓட்டையாகிப் புரதம் ஒழுகியது. அதுதான் நுரை, அதனால்தான் வீக்கம். இந்த வயதில் இது பல பிள்ளைகளுக்கு வரும், ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் கேட்கும் என்றார் டாக்டர். நான் அங்கேயே பாதி குணமாகிவிட்டேன்.

மீனுவுக்குக் கேட்கவில்லை. மாத்திரையால் முகம் உப்பியது, பசி எடுத்துக்கொண்டே இருந்தது, முதுகில் பரு. பள்ளியில் யாரோ பூரி என்று கூப்பிட்டார்களாம். வந்து சொல்லும்போது அவளே சிரித்தாள். சிரித்துச் சொல்லும் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று செல்வி என்னைப் பார்த்தாள். லிசி சேச்சி உப்பில்லாமல் கஞ்சி வைத்து, அதில் சின்ன உள்ளி வதக்கிப் போட்டு ருசி வரவைக்கும் வித்தையைக் கண்டுபிடித்து, வாரம் மூன்று நாள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்று செல்வி அதில் முறுக்கு போட்டுக் கொடுப்பாள். அந்தப் பாத்திரம் ஒரு நாளும் காலியாக வேலியைத் தாண்டியதில்லை.

அடுத்தது பயாப்ஸி. முதுகுப் பக்கமாக ஊசி விட்டுச் சிறுநீரகத்தில் நூலிழை அளவு சதை எடுப்பார்கள், அதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பிறகு ஆறு மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும், ரத்தம் கசியாமல் இருக்க. நர்ஸ் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஊசி இருந்த தட்டை நான் பார்த்துவிட்டேன். அடுத்து எனக்கு நினைவு வந்தபோது தரையில் இருந்தேன். என் கையில் பி.பி. கருவி. மீனு கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "சிஸ்டர், ஆதியம் அச்சனுக்கு எடுத்தோளு" என்றாள். முதலில் அப்பாவுக்கு எடுங்கள் என்று. வார்டே சிரித்தது. அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரு குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள்.

அந்த வார்டு ஆறாவது மாடி. ஜன்னல் வழியே வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். மல்லாந்து படுத்திருந்த ஆறு மணி நேரமும் மீனு கண்டெய்னர் தூக்குவதை எண்ணச் சொன்னாள். அவளால் தலையைத் திருப்ப முடியாது, நான் பார்த்துச் சொல்ல வேண்டும். இருபத்தியாறு சிவப்பு, பதினாறு நீலம் என்றேன். நடுவில் தூங்கிவிட்டதால் சில கண்டெய்னர்களை நானே தூக்கி வைத்தேன். அதையும் இப்போது ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வடிகட்டிகளில் சிலவற்றில் தழும்பு விழுந்துவிட்டது, தழும்பான இடம் திரும்ப வராது என்று ரிசல்ட் வந்தது. ஸ்டீராய்டோடு இன்னொரு கடுமையான மாத்திரையும் சேர்ந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரை. அதுவும் கேட்கவில்லை. கிரியாட்டினின் என்று ஒன்று உண்டு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டுவது. ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் ஏறியது. எல்லாமாகப் பத்து மாதம்.

இதற்கிடையில் ஓ.பி.யில் ஒரு இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். தடித்த கண்ணாடி, மெல்லிய குரல். ஜோக்குக்குச் சிரிக்காத இரண்டாவது ஆள். அவர் ஒரு நாள் பழைய தாள்களையெல்லாம் புரட்டிக்கொண்டே இருந்தார். மாதாமாதம் வரும்போது நர்ஸ் ஒரு கேள்வி கேட்பார், கடைசியாக மாதவிடாய் வந்த தேதி என்ன என்று. மீனு ஏதோ சொல்வாள், நர்ஸ் எழுதுவார். அந்தத் தேதிகளை அவர் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு தாளில் எழுதி எங்களிடம் காட்டினார். எல்லாம் ஒன்றாம் தேதி. பத்து மாதமும் ஒன்றாம் தேதி.

"சர்க்கார் உத்தியோகஸ்தருக்குச் சம்பளம்கூட இவ்வளவு கிருத்தியமா வராது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அச்சனும் அம்மையும் கொஞ்சம் வெளியில இருங்க. மோளோடு ஒற்றைக்கு, தனியா பேசணும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். செல்வி என் கையைப் பிடிக்கவில்லை, நானும் அவள் கையைப் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து எங்களை மட்டும் வேறு அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"ஒரு காரியம் பறயணும். விஷமிக்கண்டா" என்று தொடங்கினார் டாக்டர். வருத்தப்படாதீர்கள் என்று எனக்குச் சொல்கிறார். "மீனுவுக்கு இதுவரை பீரியட்ஸ் வந்ததே இல்ல. ஒரு தடவைகூட இல்ல. பேடிச்சு, பயந்துபோய் உங்ககிட்டயும் மறைச்சு வச்சிருந்தாளாம். 'அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அறியில்லா, நான்தான் எல்லாரையும் பற்றிச்சது'ன்னு சொல்லுறா. வீட்டில போயி வழக்கு பறயருது, திட்டாதீங்க. அவ நல்லா அழுதிருக்கா."

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது, நான்தான் எல்லாரையும் ஏமாற்றினேன். பதினாறு வயதுகூட நிறையாத பிள்ளை சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஐந்து நொடி போதும்.

"அய்யோ! அப்படியா டாக்டர்?" என்றேன்.

வாயைப் பிளந்தேன். தலையில் கை வைத்தேன். முப்பது வருடம் மேடையில் நின்றவன், அதிர்ச்சியை நன்றாகவே நடித்தேன். செல்வி எழுந்து வெளியே போய்விட்டாள். மகள் மறைத்ததைத் தாங்க முடியாமல் போகிறாள் என்று டாக்டர் நினைத்திருப்பார்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. வயிற்று ஸ்கேனை இன்னொரு முறை எடுத்தார்கள், இந்த முறை எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து. ரத்தம் எடுத்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வர ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். வீட்டில் செல்வி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். மீனு எப்போதும்போலப் பேசினாள். அது இன்னும் மோசம். மூன்றாம் நாள் ஸ்கேனுக்காகக் கொடுத்த சுருக்கத் தாளை நான் வாசித்தேன். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். அந்த ஒரு வரி மட்டும் நன்றாகப் புரிந்தது. நோயாளி உண்மையை மறைத்திருந்தார் என்று எழுதியிருந்தது. கீழே அவள் பெயர், வயது, நம்பர்.

மறுநாள் டோக்கன் எடுக்காமல் போய் ஓ.பி. கதவு ஓரமாக நின்றேன். எல்லோரும் போன பிறகு டாக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"டாக்டர், மீனு மறைக்கல. மறைச்சது நான்" என்றேன்.

திரும்ப உள்ளே போய் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். பஸ் ஜோக்கிலிருந்து கண்ணடித்ததுவரை சொன்னேன். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுக்கு மைக் செட்டும் வைக்குமோ?"

"வைப்போம் டாக்டர். என்னோடதுதான்."

அவர் கேஸ் ஷீட்டை எடுத்து அந்த வரியை அடித்து, பக்கத்தில் வேறு எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியது வேறு இருந்தது.

"பத்து மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா?"

அவர் மென்மையாகப் பேசுகிறவர், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர். "கிட்னியோட காரியத்துல பெரிய வித்தியாசம் வந்திருக்காது. அது போற வழி போகும். ஆனா அந்த மாத்திரையெல்லாம் அவளுக்கு வேண்டியதே இல்ல. முகம் வீங்கினது, பரு, எலும்பு தேய்ஞ்சது, அதெல்லாம் வெறுதே. இன்னொரு காரியமும் இருக்கு. அதுல நேரம் முக்கியம். ரிசல்ட் வரட்டும்." வெறுதே என்றால் மலையாளத்தில் சும்மா. பத்து மாதம் என் பிள்ளை சும்மா விழுங்கியிருக்கிறாள்.

ரிசல்ட் வந்தது. நோயின் பெயர் ஃப்ரேசியர் சிண்ட்ரோம். லட்சத்தில் ஒருவருக்கா, இன்னும் அரிதா என்று கேட்டேன், எண்ணிச் சொல்ல முடியாத அளவு அரிது என்றார்கள். எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். என் தொழிலில் சில வேலைகளில் பந்தலுக்கும் லைட்டுக்கும் ஒரே மேஸ்திரிதான். அவர் சரியாக வேலை செய்யாவிட்டால் இரண்டும் கெடும். உடம்பில் ஒரு ஜீன், சிறுநீரக வடிகட்டியையும் அதுதான் கவனிக்கிறது, கருவில் பிள்ளையின் பாலுறுப்பு உருவாவதையும் அதுதான் கவனிக்கிறது. அதில் ஒரு சிறு பிழை. மீனுவின் குரோமோசோம் எக்ஸ் ஒய், சாதாரணமாக ஆண் பிள்ளைக்கு இருப்பது. ஆனால் அந்த மேஸ்திரி சொல்ல வேண்டியதைச் சொல்லாததால் உடம்பு பெண்ணாகவே வளர்ந்தது. கருப்பை இருக்கிறது, சிறியதாக. கருமுட்டைப் பை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் எதுவாகவும் ஆகாத, நாடா போன்ற சதை. அதனால்தான் ஹார்மோன் இல்லை, மாதவிடாய் இல்லை. வயதுக்கு வராததும் கால் வீங்கியதும் ஒரே நோய். சேர்த்துப் பார்த்திருந்தால் யாராவது ஒருவர் யோசித்திருப்பார். சேர்த்துப் பார்க்க விடாமல் நடுவில் நான் ஒரு பந்தலைக் கட்டி வைத்திருந்தேன்.

யார் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டேன். செல்வி முகம் இறுகியது. யார் பக்கமும் இல்லை, அவளிடமே புதிதாக நேர்ந்த பிழை என்றார்கள். முதல் முறையாக அவள் அழுதாள். அத்தனை மாதமும் தன் வயிற்றைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நேரம் முக்கியம் என்று டாக்டர் சொன்னது அந்த நாடாச் சதையைப் பற்றித்தான். அதில் கட்டி வர வாய்ப்பு அதிகம், எடுத்துவிட வேண்டும். வயிற்றில் மூன்று சின்னத் துளை போட்டு எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்ததில் இடது பக்கத்தில் கட்டி தொடங்கியிருந்தது. சதைக்குள்ளேயே நின்றது, வெளியே பரவவில்லை. "பாக்கியம்" என்றார் டாக்டர். நான் மனதுக்குள் மாதங்களைக் கழித்துப் பார்த்தேன். எட்டாவது மாதத்தில் இருந்திருக்குமா? ஐந்தாவதில்? இதற்கு விடை இல்லை என்று அவரே சொன்னார். விடை இல்லாததைத் தினமும் போட்டுப் பார்க்கிறேன்.

மீனுவிடம் குரோமோசோம் விஷயத்தைச் சொன்னவர் அந்த டாக்டர்தான். நாங்களும் கூட இருந்தோம். நான் வாயில் ஏலக்காய் போட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன், ஏதாவது ஜோக் வந்துவிடுமோ என்ற பயத்தில். மீனு முழுக்கக் கேட்டாள். "எனக்க ஃபைல்ல இனி எந்தக் கள்ளியில டிக் போடுவீங்க?" என்றாள். கள்ளி என்றால் கட்டம்.

"நீ எதுல டிக் போடுவே?"

"பெண்ணு."

"அப்போ அதுதான். ரிசல்ட் வந்ததுனால நீ மாறிப் போகல."

குழந்தையைப் பற்றி டாக்டரே சொன்னார். கருப்பை இருப்பதால், வேறொருவர் கருமுட்டை கொடுத்தால், பிற்காலத்தில் வழி இருக்கலாம் என்று. மீனு கையைக் காட்டி நிறுத்தினாள். "அது சாரமில்ல டாக்டர். ஆதியம் பிளஸ் டூ கழியட்டே." அது பரவாயில்லை, முதலில் பிளஸ் டூ முடியட்டும் என்று.

காரில் வரும்போது தோப்பும்படிப் பாலத்தில் டிராபிக். அங்கேதான் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "டாக்டர்கிட்ட நீங்க பொய் சொன்னது சாரமில்ல அப்பா. அன்னைக்கு நானும் கூட இருந்தேன், நானும் மிண்டல, ஒண்ணும் பேசல. ஆனா நான் ஏத்துக்கிட்டப்போ நீங்க சும்மா இருந்தீங்க இல்ல, அது..." முடிக்கவில்லை. மூன்று நாள்தானே, நான்காம் நாள் போய்ச் சொல்லிவிட்டேனே என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

இப்போது ஒரு இடைவெளி. வீண் மாத்திரைகளை நிறுத்தியாயிற்று, முகம் பழையபடி ஆகிவிட்டது. ஹார்மோன் மாத்திரை தொடங்கியிருக்கிறது. சிறுநீரகம் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக வேலை செய்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுச் சிறுநீரகம் வேண்டியிருக்கும். நான் தருகிறேன் என்று ஹாலில் எழுந்து நின்று அறிவித்தேன், மைக் மட்டும்தான் இல்லை. பரிசோதித்ததில் எனக்குச் சர்க்கரை. செல்வியுடையது பொருந்தும் போலிருக்கிறது. அவள் எழுந்து நிற்கவில்லை, அறிவிக்கவில்லை. தினமும் காலையில் நடக்கப் போகிறாள்.

இதை எழுத மீனு ஒரு நிபந்தனை வைத்தாள். ஊரார் வாசிக்கும் முன் அத்தையிடம் நானே சொல்ல வேண்டும். குரோமோசோம் விஷயத்தை அவள் சொல்லிக்கொள்வாள், சடங்கு பொய் என்பதை நான் சொல்ல வேண்டும். போன ஞாயிறு மத்தியானம் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். செல்வி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மீனு எதிரில்.

"அக்கா, ஒரு விஷயம். மீனு சடங்கு..."

"என்னடே?"

"அது பொய்க்கா. பிள்ளை அப்ப ஆகல. நீ எல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தியா, அதனால நானா ஒரு தேதி வச்சு..."

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன்.

"தெரியும்டே" என்றாள் அக்கா.

"என்ன தெரியும்?"

"வந்த அன்னைக்கே தெரியும். பிள்ளைக்கு எண்ணெய் தேச்சுவிட்டது நான், துணி அலசிப் போட்டது நான். அறுபது வயசுக்காரிக்கு இது தெரியாதாக்கும்? செல்விகிட்டக் கேட்டேன். அவ அழுதுட்டா. யார்கிட்டயும் சொல்லாதீங்க மதினி, அவர் மானம் போயிரும்னா. விட்டுட்டேன்."

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் கீரையைப் பார்த்தாள்.

"அப்ப ஆஸ்பத்திரியில? டாக்டர் கேட்டப்ப நீ பக்கத்துலதான இருந்த?"

"இருந்தேன். நான் சொல்லுததுக்குள்ள நீ சொல்லிட்ட. பிள்ளை முன்னாடி, ஒரு டாக்டர் முன்னாடி, எந்தம்பி பொய் சொல்லுதாம்னு நான் எப்படிடே சொல்லுவேன்? வெளிய வந்ததும் நீயே போய்ச் சொல்லிருவேன்னு நெனச்சேன். பிறவு எல்லா நாளும் நெனச்சேன்."

அவள் பக்கத்தில் இருந்ததால்தான் நான் பொய் சொன்னேன். நான் பக்கத்தில் இருந்ததால்தான் அவள் உண்மையைச் சொல்லவில்லை. அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். நான்கு பேருக்கு உண்மை தெரியும். தெரியாத ஒருவர் கையில்தான் பேனா இருந்தது.

அக்கா போனில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மீனு கையை நீட்டிப் போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அத்தை, கரையாதீங்க, அழ வேண்டாம். அடுத்த மாசம் செக்கப் இருக்கு. வர்றீங்களா?"

"வாரேன் தாயி. கண்டிப்பா வாரேன்."

"அம்மாவும் நீங்களும் என்கூட உள்ள வாங்க. கேக்குறதுக்கு நான் பதில் சொல்றேன். தப்பா சொன்னா அங்கயே திருத்துங்க, மானம் மரியாதை ஒண்ணும் பாக்க வேண்டாம்." ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "அப்பா வெளியில இருக்கட்டும். கூப்பிட்டா வரட்டும்."